கூரை காத்தனர், குடிகளைக் காப்பவர் யார்?

"கடல் கடந்த ஊரில் ஏதோ ஒரு கட்டிடம் ஒழுகிற்றாம், அதை அடைத்தார்களாம். அதற்கு நம் ஏட்டில் இடமா? இங்கே என் வீட்டுக் கூரை ஒழுகுகிறதே, அதை எழுது ஐயா!"

இப்படிக் கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். மழை இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு, சொட்டும் இடத்தில் பானையை வைத்து, குழந்தையை மடியில் போட்டு விடியும்வரை விழித்திருந்தவனுக்குத்தான் கூரையின் அருமை தெரியும். அந்தத் தோழருக்காகவே இதை எழுதுகிறேன். ஏனெனில் நான் சொல்லப்போகும் கட்டிடம் மாளிகை அன்று, மன்னன் கோட்டை அன்று, ஆண்டவன் பெயரால் எழுப்பப்பட்ட ஆலயமும் அன்று. மீன் உப்பிட்ட கொட்டகை அது! வலை உலர்த்திய பரண் அது! அதன் மேல்தளத்தில் ஓவியர்கள் குடிபுகுந்தார்கள். கீழ்த்தளத்தில் மீனவர்கள் இருந்தபடியே இருந்தார்கள். ஒரே கூரையின்கீழ் தூரிகை பிடித்தவனும் துடுப்புப் பிடித்தவனும்! அந்தக் கூரைதான் ஒழுகிற்று.

பிரிட்டன் தீவின் தென்மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீட்டிய பாதம்போலக் கிடக்கிறது கார்ன்வால் என்னும் நாடு. நாடு என்றுதான் சொல்கிறேன். மாவட்டம் என்று இலண்டன் சொல்லும். அதன் வடகரையில் செயின்ட் ஐவ்ஸ் என்றொரு மீனவர் ஊர். ஊரின் ஒருபுறம் துறைமுகம். மறுபுறம் திறந்த கடற்கரை. அந்தக் கடற்கரைக்குப் பெயர் போர்த்மியோர். போர்த் என்றால் துறை. மியோர் என்றால் பெரிய. தமிழில் சொன்னால் பெருந்துறை! ஈரோட்டுப் பக்கத்துத் தோழர்கள் புன்னகை புரிவது தெரிகிறது.

அந்தப் பெயர் என்ன மொழி என்று கேட்க மாட்டீர்களா? ஆங்கிலம் அன்று. கார்னிஷ் மொழி. கார்ன்வால் மக்களின் தாய்மொழி. 1549ஆம் ஆண்டில், வழிபாடெல்லாம் இனி ஆங்கிலத்தில்தான் என்று இலண்டன் ஆணையிட்டபோது, எங்களில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது, இதை ஏற்கமாட்டோம் என்று கிளர்ந்தெழுந்தார்கள் அம்மக்கள். பழைய இலத்தீன் வழிபாடே வேண்டும் என்றார்கள். வழிபாடு எந்த மொழியில் நடந்தாலும் எனக்கு அதில் அக்கறை இல்லை. திணிப்பு என்ற சொல் காதில் விழுந்தால்தான் நமக்குத் தூக்கம் வருவதில்லையே! கிளர்ச்சி நசுக்கப்பட்டது. செயின்ட் ஐவ்ஸின் ஊர்த்தலைவர் ஜான் பெய்ன் என்பவரை, மன்னரின் அதிகாரி விருந்துக்கு அழைத்தாராம். இருவரும் உண்டு முடிப்பதற்குள் வெளியே தூக்குமரம் நட்டாகிவிட்டதாம். உண்ட கையோடு அழைத்துப்போய்த் தூக்கிலிட்டார்கள் என்று அவ்வூரார் இன்றும் சொல்கிறார்கள். மொழி மெல்லத் தேய்ந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று பலராலும் குறிப்பிடப்படுபவர் டாலி பென்ட்ரீத் என்னும் மூதாட்டி. 1777இல் இறந்தார். என்ன தொழில் செய்தார்? மீன் விற்றார்! பண்டிதன் கைவிட்ட மொழியைக் கூடைக்காரி காத்திருந்தாள். 2002இல்தான் அந்நாட்டு அரசு, ஆம், அப்படி ஒரு மொழி உண்டு என்று ஒப்புக்கொண்டது. இருநூற்று இருபத்தைந்து ஆண்டு தாமதம், அதிகமில்லை!

கட்டிடத்துக்கு வருவோம்.

போர்த்மியோர் கடற்கரை மணலில், அலை எட்டும் தொலைவில், கருங்கல்லும் மரமும் கொண்டு எழுப்பப்பட்ட கொட்டகைகளின் தொகுப்பு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது. பில்ச்சர்ட் என்று ஒரு மீன். நம் கரையில் மத்தி, சாளை என்கிறோமே, அந்த இனம். கோடை முடிவில் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வரும். குன்றின்மேல் ஓர் ஆள் காவல் இருப்பான். கடல்நீர் நிறம் மாறுவது கண்டதும் கூவுவான். கையிலுள்ளதை ஆட்டிப் படகுகளுக்குத் திசை காட்டுவான். ஊரே ஓடும். பிடித்த மீனைக் கீழ்க்கூடத்தில் அடுக்கடுக்காக உப்பிட்டுச் சுவர்போல் எழுப்புவார்கள். அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வாரக்கணக்கில் உப்பில் ஊறியபின் கழுவிப் பீப்பாயில் அடுக்கி, மேலே பாரக்கல் ஏற்றி அழுத்துவார்கள். வடியும் எண்ணெய், தரையில் வெட்டிய கால்வாய் வழியே குழியில் சேரும், அது விளக்கெரிக்க. மீன்? கப்பலேறி இத்தாலிக்குப் போகும். பிடித்தவர்கள் மெதடிஸ்டுகள், போப்பாண்டவர் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்கள். தின்றவர்கள் போப்பாண்டவரின் கட்டளைப்படி இறைச்சி துறந்து நோன்பிருந்தவர்கள். வயிற்றுக்கு வழிசெய்யும்போது மதம் குறுக்கே நிற்பதில்லை!

மேலே இருந்த பரணில் வலையும் பாயும். பருத்தி வலை உப்புநீரில் அழுகிவிடுமல்லவா? அதற்குக் காசுக்கட்டிச் சாயம் காய்ச்சி அதில் முக்குவார்கள். ஆம், வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டி! பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிற்று. நம் கரையில் பனிச்சங்காய்ச் சாறு செய்த வேலையை அங்கே பர்மாக் காட்டு மரம் செய்தது. பெருங்கடல்களுக்கு அப்பாலிருந்து யார் காட்டையோ வெட்டிக் காய்ச்சிய சாறு, அந்தக் கார்ன்வால் மீனவனின் வலையில் ஏறியது. அவன் பர்மாவைக் கண்டதில்லை. பர்மாக்காரன் அவனைக் கண்டதில்லை. நடுவே நின்ற வணிகன் இருவரையும் கண்டிருந்தான்.

பிறகு மத்தி வருவது குறைந்தது. 1877இல் ஊருக்கு இரயில் வந்தது. மீனை ஏற்றிச் செல்லத்தான் போட்டார்கள் என்றாலும், திரும்பி வரும் வண்டியில் ஓவியர்கள் வந்திறங்கினார்கள். பரண்கள் காலியாய்க் கிடந்தன, வாடகை சொற்பம். ஜூலியஸ் ஓல்சன் என்பவர் அங்கே கடல் வரையக் கற்றுக்கொடுத்தார். 1938இல் ஓர் ஓவியப் பள்ளியே அக்கட்டிடத்தில் தோன்றியது. வலை தொங்கிய உத்திரத்தில் திரைச்சீலைகள் சாய்ந்தன. கீழே, பழையபடி மீன் நாற்றம்.

ஏன் அந்தப் பரணையே தேடினார்கள் ஓவியர்கள்? இதைச் சற்று விளக்கவேண்டும். ஏனெனில் ஒழுகலின் மூலமே இங்குதான் இருக்கிறது.

அந்த நாடுகளில் கதிரவன் தெற்கே சாய்ந்தே செல்வான். தெற்குச் சன்னலில் வெயில் நுழையும், நகரும், நிழல் விழும், நிறம் மாறும். காலையில் நீலமாய்த் தெரிந்தது மாலையில் பச்சையாய்த் தெரிந்தால் ஓவியன் என்ன செய்வான்? எனவே வடக்குச் சன்னல் வேண்டும் அவனுக்கு. நேர் வெயில் வராது. நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம். போர்த்மியோர் கட்டிடமோ வடக்கே கடலைப் பார்த்து நிற்பது. கூரைச் சரிவை வெட்டிப் பெரிய பெரிய கண்ணாடிகளைப் பதித்தார்கள். வெளிச்சம் வெள்ளமாய்க் கொட்டிற்று.

ஆனால் அட்லாண்டிக் புயலும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வந்து மோதுகிறது! மீனவன் கட்டியபோது கடல் பார்த்த பக்கத்தில் கல்லும் பலகையும் வைத்தான். ஓவியன் வந்து அங்கேயே கண்ணாடி வைத்தான். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கமே வெள்ளம். இதுதான் அந்தக் கட்டிடத்தின் தலைவலி, நூறாண்டுக்கு மேலாக.

அந்தக் கட்டிடத்தைக் காக்கவேண்டும் என்று பாடுபட்டவர் போர்லேஸ் ஸ்மார்ட் என்ற ஓவியர். 1947இல் அவர் மறைந்தார். நண்பர்கள் சிலை வைக்கவில்லை. அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைத்து, அந்நாட்டுக் கலைக் குழுவின் துணையோடு 1949இல் கட்டிடத்தையே வாங்கினார்கள். ஓவியர்களோடு மீனவர்களின் கீழ்க்கூடங்களும் சேர்ந்தே வந்தன. அவர்களை வெளியேற்றவில்லை. இதைக் கோடிட்டுக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

அதற்குப்பின் அங்கே வேலை செய்தவர்களின் பெயர்களை உலகத்துக் கலைக்கூடங்கள் இன்று தங்கச் சட்டமிட்டு மாட்டி வைத்திருக்கின்றன. ஐந்தாம் எண் அறையில் 1949 முதல் 1958 வரை பென் நிக்கல்சன். அவர் போனபின் அதே அறையில் பாட்ரிக் ஹெரன், 1999இல் கண்மூடும்வரை. பிரான்சிஸ் பேகன் 1959இன் இறுதியில் வந்து சில மாதம் இருந்து போனார். வில்ஹெல்மினா பார்ன்ஸ்-கிரஹாம் என்ற பெண் ஓவியர் பல்லாண்டுகள் அங்கு உழைத்தார். எனக்குப் பிடித்தவர் டெர்ரி ஃப்ராஸ்ட். செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். மிதிவண்டிக் கடையிலும் ரொட்டிக் கடையிலும் வேலை பார்த்தவர். போரில் 1941இல் கிரீட் தீவில் பிடிபட்டு ஜெர்மானியர் சிறைமுகாமில் கிடந்தார். அங்கே உடனிருந்த ஏட்ரியன் ஹீத் என்ற கைதி தூண்டத்தான் தூரிகை எடுத்தார். பட்டினி முகாமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அப்படி வந்த ஒருவருக்கு, அடக்கமான வாடகையில், வடக்கு வெளிச்சத்தோடு ஓர் அறை கிடைத்தது என்பது சின்னச் செய்தியா?

ஆண்டுகள் ஓடின. மணல்மேல் நின்ற அடித்தளம் தளர்ந்தது. மரம் இற்றது. சுவர் ஈரம் குடித்தது. கூரை ஒழுகிற்று. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உயர்ந்த வகுப்பில் இடம்பெற்ற கட்டிடம்தான். பட்டியலில் பெயர் இருந்தால் மழை நின்றுவிடுமா? அறக்கட்டளையிடம் பெருமை இருந்தது, பணம் இல்லை.

கொத்து வேலை பார்க்கும் தோழர்கள் இதைக் கவனித்துப் படிக்கவேண்டும். பழங்கட்டிடத்தில் நீர் புகுவதைத் தடுப்பது எப்படி? நம் ஊரில் உடனே வரும் விடை: "சிமென்டை அப்பு! தாரைப் பூசு!" அங்கும் அந்த அறிவாளிகள் இருந்தார்கள். கார்ன்வாலில் சிலேட்டுக் கல் ஓடுகள் கழன்று பறக்கும்போதெல்லாம், அதன்மேல் சிமென்ட் குழம்பை வழித்துவிடுவது ஒரு வழக்கமாகவே இருந்தது. தாரும் துணியும் போட்டு மூடியவர்களும் உண்டு. ஒரு மழைக்காலம் தாங்கும்; இரண்டாவதும் தாங்கும். பிறகு?

கருங்கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம். சுண்ணாம்பு மெத்தென்றது, சுவர் சிறிது அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும், உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அப்படியல்ல. கல்லென இறுகும். சுவர் அசைந்தால் வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், காற்று வேகத்தில் மழைநீர் உள்ளே ஏறிவிடும். ஏறிய நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். கடலோரத்தில் அந்த நீரில் உப்பும் உண்டு. நீர் காயும்போது உப்பு பூக்கும். பூக்கும் உப்பு கல்லின் நுண்துளைகளில் புடைத்து அதைப் பொடிப்பொடியாய் உதிர்க்கும். உத்திரத்தின் நுனி சுவருக்குள் ஈரத்தில் கிடந்து இற்றுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பான பூச்சு, உள்ளே புற்று! சில ஆட்சிகளைப்போல என்று சொல்ல நா துடிக்கிறது. வேண்டாம், இன்று கட்டிடத்தைப் பற்றியே பேசுவோம்.

கண்ணாடிக் கூரை இன்னொரு தொல்லை. கண்ணாடி ஒழுகாது, கண்ணாடியும் சட்டமும் சேருமிடம் ஒழுகும். சட்டமும் ஓடும் சேருமிடம் ஒழுகும். அங்கே ஈயத் தகட்டை மடித்துச் செருகவேண்டும், நீர் மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்றாய் வழிந்தோடும்படி. பசை பூசி ஒட்டிவிடலாம் என்று நினைப்பவன் அடுத்த ஆண்டும் ஏணி எடுக்கத்தான் வேண்டும். எல்லா இடுக்கையும் காற்றுகூடப் புகாமல் அடைத்துவிட்டாலோ, வேறொரு தொல்லை. உள்ளே ஆட்களின் மூச்சு, கீழே நனைந்த வலை, அடுப்புச் சூடு. அந்த ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிச் சொட்டும். மழையே பெய்யாத நாளில் கூரை ஒழுகும்! வெளிநீர் வராமலும் வேண்டும், உள்ளாவி போகவும் வேண்டும். நம் பாட்டன்மார் கட்டிய ஓட்டு வீட்டில் புகை போகக் கூரையில் வழி விட்டார்களே, அந்த அறிவுதான்.

போர்த்மியோரில் இன்னுமொரு சிக்கல். சுவரெல்லாம் வண்ணத் தெறிப்பு. தரையெல்லாம் வண்ணச் சொட்டு. எட்டு பத்து ஓவியர்களின் உழைப்பு பலகையிடுக்கில் படிந்து கிடக்கிறது. அதைச் சுரண்டிக் கழுவி வெள்ளையடித்தால் கட்டிடம் நிற்கும். கட்டிடத்தைக் காத்த காரணம் போய்விடும். புதுப்பிக்கிறோம் என்று சொல்லி மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டு எழுத்தைத் தேய்த்த கூத்து நம் நாட்டிலும் நடந்ததுதானே! எனவே தொடாமல் தொடவேண்டும். எம். ஜே. லாங் என்ற பெண் கட்டிடக்கலைஞரின் குழு அந்தப் பொறுப்பை ஏற்றது. இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தை உருவாக்கியதில் பங்கு கொண்டவர் அவர். ஃபிராங்க் ஔர்பாக், பீட்டர் பிளேக் போன்ற ஓவியர்களுக்கு வேலைக்கூடம் அமைத்துக் கொடுத்தவர். 2018இல் மறைந்தார். அடித்தளத்தை வலுப்படுத்தி, கூரையையும் சுவரையும் சன்னல்களையும் செப்பனிட்டு, 2013இல் பணியை முடித்தார்கள். சென்றவன் திரும்பி வந்து பார்த்தால் என்ன மாறிற்று என்று கேட்கவேண்டும். அந்த அளவுக்கு அடக்கமான வேலை. அடுத்த குளிர்காலமே, 2014 பிப்ரவரியில், அந்தக் கடற்கரைப் பகுதியை வரலாறு காணாத புயல் தாக்கிற்று. பக்கத்து மாவட்டத்தில் டாலிஷ் என்ற ஊரில் கடல், இரயில் பாதைக்கடியிலிருந்த சுவரையே விழுங்கி, தண்டவாளத்தைக் கயிறுபோல் அந்தரத்தில் தொங்கவிட்டது. போர்த்மியோர் நின்றது.

செலவு? ஏறக்குறைய 40 இலட்சம் பவுண்டு.

அதோ, முதலில் கேட்ட தோழர் மீண்டும் எழுகிறார்: "பார்த்தாயா! ஏழைக்கு வீடில்லை, ஓவியன் கூரைக்கு இத்தனை இலட்சமா?"

பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் தோழரே. பல வாய்க்கால்களில் ஒன்று, நாட்டுப் பரிசுச் சீட்டு நிதி. 1994இல் பிரிட்டனில் தொடங்கிய அந்தச் சீட்டின் வருவாயில் ஒரு பங்கைப் பழமையைக் காக்க ஒதுக்குகிறார்கள். பரிசுச் சீட்டு என்றதும் நமக்குப் பழைய நினைவு வரும். 1968இல் அண்ணாவின் ஆட்சியில் தமிழ்நாட்டில் தொடங்கி, 2003இல் தடை செய்யப்பட்ட கதை நாமறிந்ததே. அதன் நன்மை தீமையை இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஒன்றுமட்டும் சொல்வேன். பரிசுச் சீட்டை வாங்குபவன் யார்? கோமான் வாங்குவதில்லை. சனிக்கிழமைக் கூலியில் ஒரு காசை ஒதுக்கிக் கனவு வாங்கும் பாட்டாளிதான் வாங்குகிறான். ஆகவே அந்தக் கூரையில் வேய்ந்த ஒவ்வோர் ஓட்டிலும் அவன் காசு இருக்கிறது. அவன் காசில் காத்த கூரையின்கீழ் அவனுக்கு இடம் இருக்கிறதா? இதுதான் கேட்கத்தக்க கேள்வி. செலவு செய்ததே தவறு என்பது பொறாமை. யாருக்காகச் செய்தாய் என்பது கணக்கு.

போர்த்மியோரின் கணக்கு பெரும்பாலும் நேராக இருக்கிறது. கீழ்க்கூடங்களில் மீனவர்கள் இன்றும் வலை கோக்கிறார்கள். இரும்புக் கம்பிக்குப்பின் வைத்த காட்சிப் பொருளாக அல்லாமல், தொழில் செய்யும் ஆட்களாக. ஓவியப் பள்ளி நடக்கிறது; காசு கட்டிச் சேரும் எவரும் கற்கலாம். அருங்காட்சியகமாக்கி, நுழைவுச் சீட்டு விற்று, "இங்கேதான் பெரியவர் அமர்ந்தார்" என்று நாற்காலிக்குக் கயிறு கட்டியிருந்தால் இத்தனை தலைவலியே இல்லை. நனைந்த வலை உள்ளே வராது, அடுப்பு எரியாது, ஈரமும் பாதி குறையும். ஆனாலும் அந்தச் சுலபமான வழியை அவர்கள் எடுக்கவில்லை.

ஆனால் அதே தெருவில் நடந்த இன்னொரு கதையைச் சொல்லாமல் போனால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

ஆல்பிரட் வாலிஸ் என்று ஒரு கிழவர். 1855இல் பிறந்தவர். கடலுக்குப் போனவர், பிறகு செயின்ட் ஐவ்ஸில் பழைய கயிறு, பாய், இரும்பு வாங்கி விற்றவர். 1922இல் மனைவி இறந்தார். தனிமை. எழுபது வயதில், துணைக்கு ஆளில்லாமல், படம் வரையத் தொடங்கினார். பள்ளியில் பயின்றதில்லை. திரைச்சீலை வாங்கக் காசில்லை. மளிகைக்கடை அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் வரைந்தார். படகுக்குப் பூசும் சாயத்தில் வரைந்தார். தாம் கண்ட கப்பலை, தாம் அறிந்த கடலை வரைந்தார். 1928இல் பென் நிக்கல்சனும் கிறிஸ்டபர் வுட் என்ற இளைஞரும் தெருவில் போகும்போது திறந்த கதவு வழியே அந்தப் படங்களைக் கண்டு திகைத்து நின்றார்கள். படித்த ஓவியர்கள் படிக்காத மீனவரிடம் பாடம் கேட்டார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. படங்களை வாங்கினார்கள், நண்பர்களிடம் சொன்னார்கள். கிழவருக்குக் கிடைத்ததோ சில்லறைதான்.

வாலிஸ் வாழ்ந்த வீடு பேக் ரோடு வெஸ்ட் என்ற தெருவில். போர்த்மியோர் ஓவியக்கூடமும் அதே தெருவில்! சில எட்டுத் தொலைவு. பின்னாளில் நிக்கல்சனுக்கு அங்கே பெரிய சன்னலோடு அறை கிடைத்தது. வாலிஸோ 1942இல், ஊருக்கு வெளியே மேட்ரன் என்ற இடத்திலிருந்த ஏழையர் விடுதியில் உயிர்விட்டார். திக்கற்றோர் குழியில் போடவிருந்ததை நண்பர்கள் தடுத்து, போர்த்மியோர் கடற்கரைக்கு மேலுள்ள இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பெர்னார்ட் லீச் என்ற குயவர் கல்லறைக்கு ஓடு சுட்டுக் கொடுத்தார். அதில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் வாசலில் ஊன்றுகோலோடு ஒரு சின்னஞ்சிறு மனிதன். அழகான ஓடு. இருந்தபோது ஒருவனுக்குக் கூரை கொடுக்காத ஊர், இறந்தபின் ஓடு கொடுத்தது!

இந்தக் கதை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். ஓவியர்களால் ஊர் புகழ் பெற்றது. 1993இல் அதே கடற்கரையில், பழைய எரிவாயு ஆலை நின்ற இடத்தில், டேட் என்னும் பெருங்கலைக்கூடம் எழுந்தது. பயணிகள் குவிந்தார்கள். இலண்டன் பணக்காரர்கள் வந்து பார்த்தார்கள்: ஆகா, என்ன வெளிச்சம், என்ன கடல்! மீனவர் குடிசைகளை வாங்கினார்கள், கோடையில் சில வாரம் தங்க. மற்ற மாதங்களில் பூட்டு. விலை ஏறிற்று. வலை இழுப்பவனும் உணவு விடுதியில் தட்டெடுக்கும் பெண்ணும் மருத்துவமனைச் செவிலியும் தாம் பிறந்த ஊரில் வாடகைக்கு வீடில்லாமல் வெளியே போனார்கள். ஒரு காலத்தில் குளிர்கால இரவில் சன்னலெல்லாம் விளக்கெரிந்த தெரு, இன்று இருட்டு.

பொறுத்துப் பார்த்த ஊரார் 2016 மே மாதம் வாக்குச் சீட்டை எடுத்தார்கள். இனிக் கட்டும் வீடுகள் நிலையாக வாழ்வோருக்கே. விடுமுறைக்கு வந்து போவோருக்கு இல்லை! நூற்றுக்கு 83 பேர் ஆம் என்றார்கள். கட்டிட வணிகர் தரப்பிலிருந்து உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டம் புதிதாகக் கட்டும் வீட்டுக்குமட்டும். பழைய வீட்டைத் தொடாது. புதுவீடு கிடைக்காத பணக்காரன் எங்கே திரும்புவான்? பழைய மீனவர் தெருவுக்குத்தான். அடைத்த துளையை விட்டு நீர் அடுத்த துளை தேடியது. 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்கு ஊராட்சி வரியை இரட்டிப்பாக்கிற்று கார்ன்வால் மன்றம். வரி கட்ட முடிந்தவன்தானே இரண்டாம் வீடு வாங்குகிறான் என்று அங்குள்ள தொழிலாளிகள் கேட்கலாம். கேட்பதில் பொருளும் உண்டு. என்றாலும், ஒன்றும் செய்யாதிருந்த காலத்தைவிட இது மேல் என்றே நான் கருதுகிறேன்.

போர்த்மியோரின் மீனவர்களை எந்த வணிகனும் வெளியேற்ற முடியவில்லை. காரணம் எளிது. 1949இல் கட்டிடத்தைத் தனியார் கையிலிருந்து எடுத்துப் பொது அறக்கட்டளையின் பெயரில் எழுதிவிட்டார்கள். அன்று எழுதாமல் விட்டிருந்தால், இத்தனை இலட்சம் செலவில் ஓதம் போக்கிய அந்தச் சுவர்களுக்குள் இன்று வலை இருந்திராது. கடல் பார்த்த படுக்கையறைகள் இருந்திருக்கும்.

இப்போது அதே ஊரில் இன்னொரு கட்டிடம் பழுது பார்க்கும் பட்டியலில் இருக்கிறது. முன்பு திரைப்படக் கொட்டகையாகவும் நடனக் கூடமாகவும் இருந்தது. 1961இல் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் வாங்கினார். ஐக்கிய நாடுகள் மன்றத்தின் முன் 1964இல் நிறுவிய பெருஞ்சிற்பத்தை அங்கேதான் உருவாக்கினார். அதற்காகத் தரையில் கிழித்த கட்டங்கள் இன்னும் அழியவில்லையாம். 2015இல் அவர் குடும்பத்தார் அதை டேட் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கும் கூரை பார்க்கவேண்டும், சுவர் பார்க்கவேண்டும், அந்தத் தரையைத் தொடாமல் ஈரத்தைத் தடுக்கவேண்டும். கொத்தனாருக்கு நல்ல வேலை காத்திருக்கிறது. ஊரில் தங்கி அந்த வேலையைச் செய்ய, அந்தக் கொத்தனாருக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆவலாய் இருக்கிறேன்.